இலவசமாக இறக்கிய முருகன் மாடலை மாற்றிப் பகிரலாமா? விற்கலாமா?

லயத்துப் பையன் (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். பகலில் செம்பனை ஆலையில் பராமரிப்பு வேலை, ராத்திரி வீட்டில் 3டி பிரிண்டர், இதுதான் நம்ம பிழைப்பு. முதலில் தோட்டத்து மருந்துப் பம்புகளுக்கு உடைந்த குமிழ், மூடி என்று அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பிள்ளைகள் பொம்மை கேட்டார்கள், பொம்மையைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா சாமி சிலை கேட்டார், இப்போது தைப்பூசம் நெருங்குவதால் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். 3டி மாடல்கள் பகிரும் திங்கிவெர்ஸ் தளத்தில் நின்ற கோலத்தில் ஒரு முருகன் மாடல் இலவசமாகக் கிடைத்தது. முகம் அவ்வளவு அழகு. ஆனால் வேல் ரொம்ப மெல்லியது, 0.4 மில்லிமீட்டர் நாசிலில் (பிளாஸ்டிக் உருகி வரும் முனை) அடித்தால், தாங்கலுக்குச் சேர்ந்து வரும் சப்போர்ட்டைப் பிய்க்கும்போதே ஒடிந்துவிடுகிறது. அதனால் பிளெண்டர் மென்பொருளில் திறந்து வேலைத் தடிமனாக்கினேன், முதுகுப் பக்கத்தைக் கொஞ்சம் தட்டையாக்கினேன். மயில் இல்லை, எனவே அதேபோன்ற பிரிண்டபிள்ஸ் தளத்தில் வேறொருவர் போட்டிருந்த மயிலை எடுத்துத் தோகையை மட்டும் குறுக்கிக் காலடியில் வைத்தேன். பீடம் மூன்றாவது ஒருவருடையது, தாமரை இதழ் போட்டது, அதைக் குடைந்து உள்ளே சின்ன எல்இடி விளக்கு வைக்க இடம் விட்டேன். எல்லாம் சேர்ந்து இப்போது ஒரே எஸ்டிஎல் (3டி வடிவ) ஃபைல்.

முருகன் பக்கத்தில் பிஒய்-என்சி-எஸ்ஏ என்று போட்டிருக்கிறது. மயிலுக்கு பிஒய்-எஸ்ஏ. பீடத்துக்கு பிஒய்-என்டி. மூன்றுமே கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0, அதாவது படைப்பைப் பகிர்கிறவர்கள் நிபந்தனைகளோடு போடும் பொது உரிமம். மூன்றுமே காசில்லாமல்தான் இறங்கின, கடவுச்சொல்கூடக் கேட்கவில்லை.

இந்த ஃபைலை நான் மறுபடியும் இணையத்தில் ஏற்றலாமா? தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயில் பக்கம் என் மச்சான் கடை போடுகிறான், அங்கே ஒன்று 15 வெள்ளி (ரிங்கிட்) என்று விற்கலாமா? எங்கள் ஊர்க் கோயில் நிர்வாகத்தில் நன்கொடையாளர்களுக்குக் கொடுக்க ஒரு ஐம்பது சிலை கேட்கிறார்கள், ஃபிலமெண்ட் (பிரிண்டருக்கான பிளாஸ்டிக் இழை) காசு மட்டும் வாங்கிக்கொண்டு அடித்துக் கொடுத்தால் அது வியாபாரமா? இதற்கு நடுவில் மச்சான், "இவ்வளவு யோசிப்பதற்குப் பத்துமலைச் சிலையைச் சுற்றிப் போட்டோ எடுத்து நாமே மாடல் செய்துவிடலாமே" என்கிறான். அது சரிவருமா?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடித்து வைத்த பிறகு மாட்டிக்கொள்ள விருப்பமில்லை.


ஃபிலமெண்ட் அண்ணன் (தைப்பிங்)

தம்பி, அடிப்பதற்கு முன்னாடி கேட்டீர்கள் பாருங்கள், அதுவே பெரிய விஷயம். பெரும்பாலோர் யாராவது புகார் செய்த பிறகுதான் இங்கே வருவார்கள்.

பிஒய் என்றால் செய்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். மாற்றியிருந்தால் மாற்றியதையும் சொல்ல வேண்டும், இதைப் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். என்சி என்றால் வியாபாரத்துக்கு ஆகாது. எஸ்ஏ என்றால் நீங்கள் மாற்றிச் செய்ததையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். என்டி என்றால் மாற்றிய வடிவத்தை யாருக்கும் கொடுக்கக்கூடாது. 4.0-இல் என்டி மாடலையும் உங்கள் வீட்டுக்குள் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம், வெளியே விடுவதுதான் தடை.

இப்போது உங்கள் ஃபைலைப் பார்ப்போம். பீடத்தைக் குடைந்துவிட்டீர்கள், அதனால் அது வெளியே போக முடியாது. முருகனும் மயிலும் ஒரே மாடலாகிவிட்டன, அங்கேதான் பெரிய சிக்கல். முருகன், "என்னிலிருந்து பிறப்பது என்சியோடுதான் போக வேண்டும்" என்கிறது. மயில், "என்னிலிருந்து பிறப்பதில் நான் போடாத எந்தத் தடையையும் சேர்க்காதே" என்கிறது. ஒன்றுக்குக் கட்டுப்பட்டால் இன்னொன்றை மீறியாக வேண்டும். இரண்டு பெயரிலும் எஸ்ஏ இருக்கிறதே, ஒத்துப்போகும் என்று நினைத்துப் பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

வழி இருக்கிறது. ஒட்டாதீர்கள், தனித்தனியாக விடுங்கள். தடித்த வேலோடு முருகனை பிஒய்-என்சி-எஸ்ஏ என்று ஒரு பக்கத்தில் ஏற்றுங்கள். தோகை குறுகிய மயிலை பிஒய்-எஸ்ஏ என்று இன்னொரு பக்கத்தில் ஏற்றுங்கள். பீடத்துக்கு மூலப் பக்கத்தின் இணைப்பை மட்டும் கொடுங்கள். மூன்றும் சேர்கிற இடத்தில் ஒரு முளையும் துளையும் வைத்துவிட்டால் இறக்குகிறவர்களே அடித்துப் பொருத்திக்கொள்வார்கள். எஸ்டிஎல்லை 3எம்எஃப் என்ற வேறு ஃபைல் வகை ஆக்குவதெல்லாம் மாற்றம் என்று கணக்கில் வராது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

என்டி விஷயத்தில் சிரிக்கவும் யோசிக்கவும் ஒரு கதை இருக்கிறது. பிரிண்டர் வாங்கிய எல்லாரும் முதலில் அடிக்கும் அந்தக் குட்டிப் படகு, 3டி பெஞ்சி, 2015-இல் ஸ்வீடனின் கிரியேட்டிவ் டூல்ஸ் வெளியிட்டது, பிஒய்-என்டி உரிமம். ஆனால் உலகம் பூராவும் அதை வெட்டி, நீட்டி, சக்கரம் வைத்து ஏற்றிக்கொண்டே இருந்தார்கள், யாரும் கண்டுகொள்ளவில்லை. 2025 ஜனவரியில் திடீரென்று பிரிண்டபிள்ஸ் தளத்திலிருந்து அந்த மாற்றுப் படகுகள் நீக்கப்பட்டன. ஒரே கூச்சல். அடுத்த மாதமே, இப்போது அந்த உரிமையை வைத்திருக்கும் என்டிஐ நிறுவனம் படகை மொத்தமாகப் பொதுவுடைமை ஆக்கிவிட்டது. பத்து வருஷம் யாரும் கேட்கவில்லை என்பதற்காக அந்த உரிமம் செத்துப்போய்விடவில்லை, ஒரே நாளில் எழுந்து நின்றது.

விற்பனையைப் பற்றி என் கருத்து நேரடியானது. 15 வெள்ளிக்குக் கடையில் வைப்பது என்சிக்கு எதிரானது, அதில் மயக்கமே இல்லை. செய்தவருக்கு எழுதிக் கேளுங்கள்.


பாசார் மாலாம் ராஜா (கோல கங்சார்)

அட போங்க அண்ணே. எங்கள் ஊர் பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) வந்து பாருங்கள், நாலு கடையில் அந்த வளைந்து நெளியும் டிராகன் தொங்குகிறது, ஒன்று 10 வெள்ளி, பெரியது 25 வெள்ளி. யார் யாரிடம் அனுமதி வாங்கினார்கள்? நானும்தான் விற்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. காசு வேண்டும் என்றால் ஃபைலைக் காசுக்குப் போட்டிருக்க வேண்டியதுதானே, சும்மா கொட்டி வைத்துவிட்டு எடுத்தவனைத் திருடன் என்றால் எப்படி லா?

இன்னொன்று. முருகன் என்ன அந்த ஆள் கண்டுபிடித்த உருவமா? ஆறுமுகமும் வேலும் மயிலும் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. அதற்குப் போய் ஒருவன் உரிமை கொண்டாடுவதே எனக்குப் புரியவில்லை. தம்பி, நீங்கள் பாட்டுக்கு அடித்து விற்றுக்கொண்டு போங்கள், சுங்கை சிப்புட்டுக்கு யார் வந்து பார்க்கப் போகிறார்கள்.


உளியும் மௌஸும் (ஈப்போ)

ராஜா அண்ணே, உங்கள் மேல் கோபமில்லை, ஆனால் ஃபைலைச் சும்மா போடுகிற ஆள்களில் நானும் ஒருத்தி என்பதால் இதைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியது. தமிழ்ப்பள்ளிகளில் கண்காட்சிக்கு வைக்க ஒன்றுமே கிடைப்பதில்லை, பிள்ளைகளுக்குப் பால் மங்கு (மரத்துப் பாலைப் பிடிக்கும் கிண்ணம்) என்றால் என்னவென்றே தெரியவில்லை என்று ஒரு டீச்சர் கேட்டதால், பாட்டியின் மரம் சீவும் கத்தியை வெர்னியர் வைத்து அளந்து, மங்கு, கம்பி வளையம், பால் வழியும் தகரம், வெட்டுப்பட்ட மரத்துண்டு எல்லாவற்றையும் மாடல் செய்தேன். பிஒய் உரிமத்தில்தான் போட்டேன். யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம், என் பெயரை மட்டும் சொன்னால் போதும். பள்ளிக்கூடங்கள் தயங்காமல் எடுக்க வேண்டும் என்றுதான் என்சிகூடப் போடவில்லை.

ஒரு வருஷம் கழித்து அதே செட் வேறொரு தளத்தில் விற்பனைக்கு இருந்தது. விற்றது எனக்குப் பிரச்சினையில்லை, நான் அனுமதித்ததுதான். பெயர் இல்லை. அதைவிட, அடையாளம் தெரியாமலிருக்க அந்த ஆள் மரத்துண்டைக் கண்ணாடி பார்ப்பது போல் இடவலமாகத் திருப்பிவிட்டார். மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும், வெட்டு இடப்பக்கம் உயரத்திலிருந்து வலப்பக்கம் தாழ இறங்க வேண்டும். பட்டைக்குள் பால் நாளங்கள் செங்குத்தாக இல்லாமல் வலப்பக்கமாகச் சாய்ந்து ஏறுகின்றன, அதனால் அப்படி இறக்கினால்தான் அதிக நாளங்கள் அறுபட்டுப் பால் நிறைய வரும். திருப்பியதில் வெட்டுக்கோடு தலைகீழ். அதை ஒரு பள்ளி காசு கொடுத்து வாங்கி அடித்துக் கண்காட்சியில் வைத்திருந்தது, என் பாட்டி இருந்திருந்தால் அந்த மண்டோரை (மேற்பார்வையாளரை) கூப்பிடு என்று கத்தியிருப்பார்.

நான் அந்தத் தளத்துக்கு என் மூலக் கோப்பு, ஏற்றிய தேதி, இரண்டு மாடலின் படம் எல்லாம் அனுப்பிப் புகார் செய்தேன், நீக்கினார்கள். ஆனால் மாற்றியதாக ஒரு வரி எழுதி என் பெயரைப் போட்டிருந்தால், அந்த டீச்சர் என் பக்கத்துக்கு வந்து சரியானதை இறக்கியிருப்பார். பெயர் போடச் சொல்வது வெறும் பெருமைக்காக என்று நினைக்கிறீர்கள். தப்பு நடந்தால் எங்கே போய்ச் சரிபார்ப்பது என்பதற்கும் அதுதான் வழி.

அப்புறம் முருகன் யாருடையதும் இல்லை, உண்மைதான். ஆனால் அந்த முகத்தைச் செதுக்க அந்த மனிதர் உட்கார்ந்த நேரம் அவருடையது. கூத்து எல்லாருக்கும் பொது, வேஷம் கட்டியவருக்குக் கூலி உண்டு.

நெளியும் டிராகன் செய்கிறவர்களில் பலர் மாதச் சந்தா கட்டினால் அடித்து விற்க உரிமம் கொடுக்கிறார்கள். வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக விற்கலாமே.


லயத்துப் பையன் (சுங்கை சிப்புட்)

அண்ணே, அக்கா, நன்றி. தனித்தனியாக ஏற்றும் யோசனை பிடித்திருக்கிறது, முளையும் துளையும் வைப்பது எனக்கு ஆலையில் தினசரி வேலை.

ஆனால் கோயில் விஷயம்தான் இன்னும் குழப்பம். எனக்கு லாபம் இல்லை. கோயிலுக்கும் லாபம் என்று சொல்ல முடியாது, ஆனால் நன்கொடை கொடுத்தால் சிலை என்று அறிவிக்கப் போகிறார்கள். இது என்சிக்குள் வருமா வராதா? பத்துமலைச் சிலையைப் பற்றியும் யாரும் சொல்லவில்லை, மச்சான் தினமும் கேட்கிறான்.


பழைய கிராணி (பாரிட் புந்தார்)

வக்கீல் ஆபீசில் பல வருஷம் ஃபைல் தூக்கியவன் நான், வக்கீல் இல்லை. எனவே இதைக் கேட்டுவிட்டு வழக்குப் போடக் கிளம்பாதீர்கள், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

முதலில் ராஜாவுக்கு. மலேசியாவில் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. படைப்பைச் செய்து முடித்தவுடனே உரிமை பிறந்துவிடுகிறது, மைஐபிஓ என்ற அறிவுசார் சொத்துரிமை அமைப்பில் பதிவு செய்தால்தான் உண்டு என்பது கிடையாது. அங்கே 2012-லிருந்து இருப்பது விருப்பப்பட்டால் அறிவித்து வைக்கும் ஏற்பாடு, ஆதாரத்துக்கு உதவும். கலைப்படைப்பு என்றால் செய்தவர் உயிரோடு இருக்கும்வரை, அதற்கப்புறம் 50 ஆண்டு. செய்தவர் வெளிநாட்டுக்காரராக இருந்தாலும் நம் நாடு 1990-இல் பெர்ன் என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டதால் இங்கேயும் பாதுகாப்பு உண்டு. சுங்கை சிப்புட்டுக்கு யாரும் வரமாட்டார்கள் என்பது சரிதான், ஆனால் தம்பியின் மச்சான் ஷாப்பி இணையக் கடையில் ஒரு படம் போட்டால் போதும், உலகமே வந்துவிடும். 2016-இல் ஈபேயில் ஒரு விற்பனையாளர் திங்கிவெர்ஸ் மாடல்களை ஆயிரக்கணக்கில் அடித்து விற்கப் பட்டியல் போட்டார். இணையத்தில் ஏற்றிவிட்டால் பொதுச்சொத்து என்று உங்களைப் போலத்தான் வாதாடினார். என்சி போட்டிருந்த ஒரு பெண் வடிவமைப்பாளர் தன் மாடல் பக்கத்திலேயே எதிர்ப்பைத் தெரிவித்தார், விஷயம் பரவியது, கடைசியில் அந்தப் பட்டியல்கள் இறங்கின.

அந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு அக்கா சொன்னதோடு சம்பந்தப்பட்டது. காசு உரிமை தனி, செய்தவருடைய பெயர் உரிமை தனி. பெயரை நீக்குவதும், அவர் மானம் மரியாதைக்குக் கெடுதல் வருகிற அளவுக்குப் படைப்பைச் சிதைப்பதும் அங்கே வருகின்றன. சாமி மாடல்களில் இது சும்மா ஏட்டுச் சட்டம் இல்லை. பக்தியோடு செய்த ஒருவருடைய முருகனை எடுத்துக் கையில் பீர் டின் கொடுத்து "ரீமிக்ஸ்" என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உரிமம் இடம் கொடுக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் நமக்கே ஒரு கூச்சம் வர வேண்டாமா.

கோயில் சிலை. என்சி என்பது ஆளைப் பார்ப்பதில்லை, நோக்கத்தைப் பார்க்கிறது. வியாபார ஆதாயத்தையோ பணத்தையோ முதன்மையாகக் குறிவைத்த பயன்பாடா என்பதுதான் 4.0-இன் கேள்வி. கோயில் என்பதால் தானாக விடுதலை கிடையாது, நீங்கள் தனி வியாபாரி என்பதால் தானாகக் குற்றமும் கிடையாது. நன்கொடையாளருக்கு நினைவுப் பரிசாகப் பின்னால் கொடுத்தால் ஒரு மாதிரி, "100 வெள்ளி கொடுத்தால் ஒரு முருகன்" என்று பதாகை கட்டினால் இன்னொரு மாதிரி. இரண்டாவதை நான் விற்பனை என்றுதான் பார்ப்பேன்.

அடித்துக் கொடுக்கிறவர் கூலி வாங்கலாமா என்பது பற்றி அமெரிக்காவில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. கிரேட் மைண்ட்ஸ் என்ற பாடத்திட்ட நிறுவனம் தன் பாடங்களை பிஒய்-என்சி-எஸ்ஏ-இல் வெளியிட்டிருந்தது. பள்ளிகள் அதை ஃபெடெக்ஸ் கடையில் கொடுத்துக் காசு கட்டி நகலெடுத்தன. கடை லாபம் பார்க்கிறதே என்று நிறுவனம் வழக்குப் போட்டது. 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பள்ளியின் பயன்பாடு வியாபாரமல்ல, கடை பள்ளிக்காகத்தான் நகலெடுத்தது, எனவே மீறல் இல்லை என்றது. அந்தக் கணக்கில் கோயிலே ஃபைலை எடுத்து உங்களிடம் கொடுத்து அடிக்கச் சொன்னால் நீங்கள் கூலிகூட வாங்கலாம் போலிருக்கிறது. ஆனால் நம் நாட்டு நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது, உங்கள் விஷயத்தில் மாடலை மாற்றியதும் யோசனை சொன்னதும் நீங்களே. அதனால் இதில் தொங்காதீர்கள், எழுதிக் கேட்டுவிடுங்கள்.

இனி பத்துமலை முருகன் சிலை. 42.7 மீட்டர் உயரம், 2006 ஜனவரியில் திறந்தது, ஆக சோழர் காலச் செப்புத் திருமேனி போல உரிமை காலாவதியான சிலை அல்ல. ஆனால் நம் சட்டத்தின் 13-ஆவது பிரிவில் விதிவிலக்குகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்று, பொதுமக்கள் பார்க்கக்கூடிய இடத்தில் நிரந்தரமாக வைக்கப்பட்ட கலைப்படைப்பைப் பிரதியெடுப்பதும் அந்தப் பிரதிகளை விநியோகிப்பதும். எல்லா நாட்டிலும் இவ்வளவு தாராளம் கிடையாது. மச்சான் தானே போட்டோ எடுத்து மாடல் செய்தால் அவர் பக்கம் நல்ல வாதம் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் மற்றவர் போட்டோக்களைச் சேர்த்துச் செய்தால் அந்தப் போட்டோக்காரர்களின் உரிமை தனியாக வந்து நிற்கும். அதே சிலைக்கு வேறொருவர் செய்து வைத்த மாடலை இறக்கினாலும் இந்த விதிவிலக்கைக் காட்டித் தப்பிக்க முடியாது, அவர் தன் கையால் செதுக்கியிருந்தால் அது அவருடைய உழைப்பு.

வெறுமனே ஸ்கேன் செய்தவருக்கு உரிமை உண்டா என்பதுதான் சுவாரசியமான இடம். அமெரிக்காவில் மெஷ்வொர்க்ஸ் என்ற நிறுவனம் டொயோட்டா கார்களை அளந்து கணினி மாடல் செய்து கொடுத்தது, டொயோட்டா பேசியதைவிட அதிகமாகப் பயன்படுத்திவிட்டது என்று வழக்குப் போட்டது. 2008-இல் தோற்றது. இருக்கிற பொருளை உள்ளபடியே நகலெடுத்ததில் சொந்தமாகச் சேர்த்தது ஏதுமில்லை, எவ்வளவு உழைத்திருந்தாலும் பதிப்புரிமை வராது என்றார்கள். பெர்லினில் நெஃபர்தீதி சிலை, 3300 வருஷத்துக்கு மேற்பட்டது, அதன் ஸ்கேன் ஃபைலை அருங்காட்சியகம் பூட்டி வைத்திருந்தது. காஸ்மோ வென்மன் என்பவர் சில வருஷம் சட்டப்படி மல்லுக்கட்டி வாங்கி 2019-இல் வெளியிட்டார். திறந்து பார்த்தால் சிலையின் அடிப்பக்கத்தில் பிஒய்-என்சி-எஸ்ஏ என்று செதுக்கியே வைத்திருக்கிறார்கள். அதைச் செதுக்கிய தூத்மோஸ் சிற்பி பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. உரிமம் ஒட்டியிருப்பதாலேயே ஒட்டியவருக்கு உரிமை இருக்கிறது என்று ஆகாது, அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துப் பம்பின் குமிழ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், வேலைக்காக மட்டும் இருக்கிற பொருளுக்கு 13ஏ பிரிவில் கணக்கே வேறு, சாமி சிலைக்குள்ள கெடுபிடி அங்கே இல்லை.


லயத்துப் பையன் (சுங்கை சிப்புட்)

கிராணி ஐயா, இரண்டு தடவை படித்தேன், மச்சானுக்கும் வாசித்துக் காட்டினேன். நெஃபர்தீதி கதை கேட்டதிலிருந்து அவன் அடிப்பக்கத்தில் தன் பெயரைச் செதுக்கப் போகிறேன் என்று குதிக்கிறான்.

முருகன் செய்தவருக்கு எழுதினேன். என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன், கோயிலுக்கு ஐம்பது, கடைக்கு எவ்வளவு, விலை எவ்வளவு என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், வேலின் படத்தையும் வைத்தேன். பதில் வந்துவிட்டது. கோயிலுக்குத் தாராளமாக அடியுங்கள், ஒன்றும் வேண்டாம் என்றார். கடைக்கு இந்தத் தைப்பூசத்துக்கு மட்டும், முருகன் ஒன்றுக்கு 1 வெள்ளி வீதம் அனுப்பினால் போதும், ஒரு அட்டையில் பெயரும் பக்கத்து இணைப்பும் போடுங்கள் என்றார். தடித்த வேல் ஃபைலைத் தனக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறார், தன் பக்கத்திலேயே சேர்த்துக்கொள்வாராம், என் பெயரைப் போட்டு.

பீடக்காரர் பதில் போடவில்லை. அதனால் அவருடையதை விட்டுவிட்டு நானே ஒரு எளிய வட்டப் பீடம் வரைந்துவிட்டேன், தாமரை இல்லை, ஆனால் எல்இடி நன்றாக உட்காருகிறது. ஒரே ஒரு சந்தேகம். மயில் பிஒய்-எஸ்ஏ, அதை விற்க யாரையும் கேட்க வேண்டாம்தானே? அடித்த சிலையில் பெயரை எங்கே போடுவது?


ஃபிலமெண்ட் அண்ணன் (தைப்பிங்)

வேண்டாம். பிஒய்-எஸ்ஏ விற்பனையைத் தடுப்பதில்லை. நான் என்றால் ஒரு வரி எழுதித் தெரிவித்துவிடுவேன், அது கடமைக்காக இல்லை, சும்மா மரியாதைக்கு. பெயரைச் சிலையில் செதுக்க வேண்டியதில்லை, கூடவே கொடுக்கும் அட்டை போதும். முருகன் இன்னார், மயில் இன்னார், உரிமம் இது, வேலும் தோகையும் மாற்றியது நான், பீடம் என்னுடையது, மூலம் இருக்கும் இணைப்பு. க்யூஆர் குறியாகப் போட்டால் அட்டை சின்னதாகிவிடும். அந்த முருகன் ஆள் அனுமதி கொடுத்த செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். நாளைக்கு அவர் கணக்கே இல்லாமல் போனாலும் உங்களிடம் ஆதாரம் இருக்க வேண்டும். ஃபைல் இறக்கிய நாளில் உரிமம் என்ன போட்டிருந்தது என்பதையும் இதேபோல் எடுத்து வையுங்கள், ஏனென்றால் பின்னால் அவர்கள் உரிமத்தை மாற்றினாலும் கிரியேட்டிவ் காமன்ஸில் ஏற்கெனவே எடுத்தவரிடமிருந்து திரும்பப் பறிக்க முடியாது, ஆனால் நிரூபிக்க வேண்டியது நீங்கள்.


பாசார் மாலாம் ராஜா (கோல கங்சார்)

1 வெள்ளியா? அவ்வளவுதானா? நான் ஏதோ பாதிக் காசைப் பிடுங்குவார்கள் என்று நினைத்தேன்.

சரி, கேட்டு வைக்கிறேன். என்னிடம் இருக்கும் டிராகன் ஃபைல் ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. யார் செய்தது என்று பெயர் கிடையாது, உரிமம் கிடையாது, ஃபைல் பெயரே "டிராகன் புதுசு ஃபைனல் 2". இதை யாரிடம் போய்க் கேட்பது?


உளியும் மௌஸும் (ஈப்போ)

அடித்த டிராகனை வெள்ளைத் துணியில் வைத்து மேலிருந்து ஒரு போட்டோ எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள் அண்ணே. தலை, செதில், வால் முனை இந்த மூன்றையும் பார்த்தால் எந்த டிராகன் என்று பெரும்பாலும் பிடித்துவிடலாம், ஆனால் திருட்டு நகல்களும் சேர்ந்து வரும், எது முதலில் ஏற்றப்பட்டது என்று தேதி பாருங்கள். செய்தவரின் பக்கம் கிடைத்தால் விற்பனை உரிமம் எங்கே, எவ்வளவு என்று அங்கேயே எழுதியிருப்பார்கள். சந்தாவை நிறுத்தினால் விற்பதையும் நிறுத்த வேண்டும் என்று சிலர் நிபந்தனை வைப்பார்கள், அதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். இதுவரை விற்றது பற்றியும் கவலை இருந்தால், கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 மாடலாக இருக்கும் பட்சத்தில், தவறு தெரிந்ததிலிருந்து 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் உரிமம் தானாக மீண்டும் வந்துவிடும், ஆனால் அந்த இடைக்கால மீறலுக்கு அவர்கள் கேள்வி கேட்கும் உரிமை அப்படியே இருக்கும்.

கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால் அந்த டிராகனை மேசையிலிருந்து எடுத்துவிட்டு வேறு ஒன்றை வையுங்கள். போட்டோவை இங்கேயும் போடுங்கள், நானும் தேடிப் பார்க்கிறேன்.